கடல் கடந்தவரின் நாணயம்

வெளிநாடு போனால் ஊரில் சிபில் குறைந்துவிடுமா? சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ கிளம்பும் பிள்ளைகளும் அவர்களை வழியனுப்பும் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. நேரான பதில்: குறையாது. இந்தியாவில் கடன் புள்ளியைக் கணக்கிடும் நிறுவனங்கள் ஒருவர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்று பார்த்துப் புள்ளியைக் கூட்டுவதோ குறைப்பதோ இல்லை. விமானம் ஏறியதற்காக யாருக்கும் ஒரு புள்ளிகூடப் போகாது.

அந்தப் பதிலோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மையைத்தான் சொன்னதாகும். பதினைந்து ஆண்டு பாலைவனத்தில் உழைத்துவிட்டு ஊர் திரும்புகிறவர் வீட்டுக் கடன் கேட்டு வங்கியில் உட்காருகிறார். அவர் பெயரைத் தட்டினால் கணினித் திரையில் ஒன்றுமே வருவதில்லை. அல்லது அவர் மறந்தேபோன ஒரு கிரெடிட் கார்டின் பாக்கி வருகிறது. வேறொரு வீட்டில், ஊர் எல்லையைத் தாண்டாத அப்பா டிராக்டர் கடன் கேட்டுப் போய் வெறுங்கையோடு திரும்புகிறார். அவர் செய்தது ஒன்றுதான்: மகனின் கல்விக் கடனுக்குக் கையெழுத்துப் போட்டார்.

நம் நாட்டின் கடன் பதிவேடு ஒருவர் இங்கே முறைப்படி வாங்கிய கடனை மட்டும் பார்க்கிறது. அவர் அங்கே உழைத்து இங்கே அனுப்பும் பணத்தைப் பார்ப்பதில்லை. அதனால் வெளிநாட்டு வாழ்வின் பலன் பதிவேட்டில் ஏறுவதில்லை, இடைஞ்சல்கள் மட்டும் ஏறிவிடுகின்றன. அவையும் பல நேரம் போனவர் பெயரில் மட்டும் ஏறாமல், வீட்டில் இருப்பவர் பெயரிலும் ஏறுகின்றன. இந்தக் கட்டுரையில் நான் காட்ட விரும்புவது இதைத்தான்.

இது சிலருடைய சிக்கல் அல்ல. 2015இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வு, மாநிலத்திலிருந்து வெளிநாடு சென்று வாழ்பவர்கள் சுமார் 22 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. சிங்கப்பூர் முதலிடத்திலும் ஐக்கிய அரபு அமீரகம் அடுத்த இடத்திலும் இருந்தன. ரிசர்வ் வங்கியின் கணக்கெடுப்பின்படி 2023–24 நிதியாண்டில் இந்தியாவுக்கு வெளிநாடுகளிலிருந்து வந்த பணம் 11,870 கோடி டாலர். அதில் 10.4 சதவீதம் தமிழ்நாட்டுக்கு வந்தது. மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம். இவ்வளவு பணம் வந்து சேரும் வீடுகளின் கடன் தகுதியை அளக்கும் கோலில் அந்தப் பணத்துக்கு இடமே இல்லை.

நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள். ஒன்று காசு, மற்றொன்று சொன்ன சொல் தவறாமை. ஒருவரை நாணயஸ்தர் என்று ஊர் சொல்லிவிட்டால் எழுத்து இல்லாமலே கடன் கிடைக்கும். நாணயம் கெட்டவர் என்றால் பத்திரம் எழுதினாலும் கிடைக்காது. அந்தப் பெயரை ஊர் வைத்திருந்தது, ஆளோடு அது பயணம் போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, மலாயா, இலங்கை என்று பரவிய நகரத்தார் வட்டிக்கடைகளில் முகவர்கள் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்குப் போனார்கள். குடும்பம் செட்டிநாட்டிலேயே இருந்தது. ரங்கூன் கிட்டங்கியில் ஒருவர் கணக்கில் தவறினால் அந்தச் செய்தி தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் வந்து சேர்ந்துவிடும். அதுபோலவே அவர் நேர்மையாக நடந்ததும் வந்து சேரும். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் கடல் கடந்து பிழைப்பவர்களைச் சபுராளி என்பார்கள். சபுராளி வீடு என்றால் மளிகைக் கடைக்காரர் பற்று எழுதத் தயங்கமாட்டார். பணம் வரும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பழைய முறையை நான் பொற்காலமாகக் காட்ட வரவில்லை. சாதியும் உறவும் பார்த்துத்தான் அது இயங்கியது. அந்த வட்டத்துக்கு வெளியே இருந்தவர்களுக்குக் கந்துவட்டிதான் கிடைத்தது. ஆயினும் ஒன்றை அது செய்தது: ஆள் ஊரில் இல்லாதபோதும் அவருடைய உழைப்பைக் கணக்கில் எடுத்தது. அதன் இடத்துக்கு வந்த புதிய பதிவேடு அதைச் செய்வதில்லை.

புதிய பதிவேட்டின் வயது அதிகமில்லை. 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிபில் தொடங்கப்பட்டது. 2004இல் தனிநபர்களின் கடன் விவரங்களை வங்கிகளுக்குத் தர ஆரம்பித்தது. 2005இல் கடன் தகவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இன்று டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இயங்குகின்றன. ஆனாலும் நம் பேச்சில் எல்லாமே சிபில்தான். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் நான்கிலுமே உறுப்பினராக வேண்டும் என்று 2015 ஜனவரியில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அவை விவரம் அனுப்பவேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. புள்ளி 300இல் தொடங்கி 900இல் முடிகிறது.

சிபில் அறிக்கையைக் கையில் வாங்கிப் பார்த்தால் அதில் என்ன இருக்கிறது என்பதைவிட என்ன இல்லை என்பது கண்ணில் படும். சேமிப்புக் கணக்கின் இருப்பு இல்லை. வைப்புநிதி இல்லை. நிலமோ நகையோ இல்லை. அடகுக்கடைக் கடன், ஊரில் வாங்கிய கைமாற்று எதுவும் இல்லை. இருப்பது, பதிவு பெற்ற நிறுவனங்களிடம் வாங்கிய கடன்களும் கார்டுகளும், ஒவ்வொன்றிலும் தவணை எத்தனை நாள் தாமதமானது என்று 36 மாதத்துக்குக் காட்டும் கட்டங்களும், எங்கெல்லாம் கடன் கேட்டார் என்ற பட்டியலுமே. கொஞ்ச காலமாகக் கடன் நடவடிக்கையே இல்லையென்றால் புள்ளிக்குப் பதிலாக வரலாறு இல்லை என்ற குறியீடு வரும். கிளம்புவதற்கு முன் பைக் கடனை அடைத்து, கார்டை ஒப்படைத்து, யாருக்கும் பாக்கி வைக்காமல் விமானம் ஏறியவர் பத்தாண்டு கழித்துத் திரும்பினால் அவருக்கு நேர்வது இதுதான். ஊர் வழக்கப்படி அவர் நாணயஸ்தர். பதிவேட்டின்படி அவர் யாரென்றே தெரியாதவர்.

இதில் என் மனத்தை அதிகம் தொந்தரவு செய்வது வேலை உரிமச் சீட்டில் போகும் கட்டடத் தொழிலாளியின் நிலைமை. ஏஜென்ட்டுக்குக் கொடுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? மனைவியின் தாலிச் செயின் அடகுக்கடைக்குப் போகிறது. மீதி, மாதம் இரண்டு வட்டிக்கும் மூன்று வட்டிக்கும் தெரிந்தவரிடம் வாங்கியது. முதல் ஓராண்டுச் சம்பளம், சிலருக்கு அதற்கும் மேலே, அந்தக் கடனை அடைக்கவே போய்விடும். விடுதியில் சமைத்துச் சாப்பிட்டு, மிச்சம் பிடித்து, வட்டியும் முதலுமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் அனுப்புகிறார்கள். கடன் ஒழுக்கம் என்று பாடப்புத்தகம் எதைச் சொல்கிறதோ அதன் முழு வடிவம் இது. ஆனால் தனியாரிடம் அடைத்த கடனுக்கு எந்தக் கட்டத்திலும் குறி விழுவதில்லை. அதே மனிதர் போவதற்கு முன் தவணையில் செல்போன் வாங்கி அதில் இரண்டு தவணை தவறியிருந்தால், அது மட்டும் பதிவாகியிருக்கும்.

கணக்காகவே பார்ப்போம். ஒருவர் மாதம் 40,000 ரூபாய் வீதம் பத்தாண்டு வீட்டுக்கு அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 48 லட்சம் ரூபாய். அப்பாவின் கணக்கில் 120 முறை வரவு விழுந்திருக்கிறது. அப்பா புள்ளியில் இதன் பங்கு பூஜ்ஜியம். மகன் புள்ளியிலும் பூஜ்ஜியம்.

பலன் பதிவாகாதது ஒரு பக்கம். இடைஞ்சல் பதிவாகும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். அது பெரும்பாலும் சிம் கார்டில் தொடங்குகிறது.

வெளிநாட்டு எண் வந்ததும் ஊர் சிம் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத ப்ரீபெய்டு இணைப்பைத் துண்டிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி இடம் தருகிறது. துண்டித்து 90 நாள் கழிந்ததும் அந்த எண்ணை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். வங்கிக் கணக்கோடு இணைந்திருந்தது அந்த எண்தான். ஓ.டி.பி. வராது. ஓ.டி.பி. வராததால் இணையவழியில் கே.ஒய்.சி. புதுப்பிக்க முடியாது. கே.ஒய்.சி. கெடு தாண்டினால் வங்கி கணக்கைக் கட்டுப்படுத்தும். கணக்குக் கட்டுப்பட்டால் அதிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்த தவணை நின்றுவிடும். பணம் கணக்கில் இருக்கும், தவணை மட்டும் போகாது. இரண்டாண்டுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாகச் செய்த பரிவர்த்தனை எதுவும் இல்லாத கணக்கு செயல்படாக் கணக்காகிவிடும் என்பது தனி விதி.

தவணை தவறியது பற்றிய தகவலைக் கடன் தகவல் நிறுவனத்துக்கு அனுப்பும்போது கடன்தாரருக்கும் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பவேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி சொன்னது. யாராவது நம் அறிக்கையை எடுத்துப் பார்த்தாலும் நமக்குத் தகவல் வரவேண்டும் என்றும் சொன்னது. நல்ல விதிகள். ஆனால் அந்தக் குறுஞ்செய்தியும் செத்துப்போன அதே எண்ணுக்குத்தான் போகிறது. பாதுகாப்புக்காக வைத்த மணி, ஆள் இல்லாத வீட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது. 2023 ஜனவரியில் சிங்கப்பூர், அமீரகம், சவூதி, கத்தார், ஓமன், அமெரிக்கா உள்ளிட்ட பத்து நாடுகளின் செல்பேசி எண்களை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்.ஆர்.இ., என்.ஆர்.ஓ. கணக்குகளோடு இணைத்து யு.பி.ஐ. பயன்படுத்த வழி திறந்தது. வெளிநாட்டு எண்ணைக் கணக்கில் பதிவு செய்துகொண்டவர்களுக்கு இந்தச் சங்கிலி பாதியிலேயே அறுந்துவிடும். மற்றவர்களுக்கு அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கணக்கின் வகையும் ஒரு சிக்கல். அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டப்படி வேலைக்காக நாட்டை விட்டுப் போனவர் வெளிநாட்டில் வசிப்பவராகிறார். அவருடைய சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றவேண்டும். பலர் மாற்றுவதில்லை. மாற்றும்போது கணக்கு எண்ணும் மாறிவிட்டால், பழைய எண்ணுக்குக் கொடுத்திருந்த தவணை உத்தரவு அந்தரத்தில் நிற்கும். பான் எண்ணிலும் இப்படி ஒன்று நடந்தது. ஆதாருடன் இணைக்கவேண்டிய கட்டாயம் வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு இல்லை. ஆனாலும் 2023 ஜூன் 30 கெடு முடிந்தபோது, வருமான வரித் துறையில் தங்கள் வசிப்பு நிலையை மாற்றாதிருந்த பலரின் பான் எண்கள் செயலற்றுப்போயின. பிறகு துறையே விளக்கம் கொடுத்து, திருத்திக்கொள்ள வழி சொன்னது.

மறந்த கிரெடிட் கார்டு தனிக் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் சம்பளக் கணக்கோடு வங்கி ஒரு கார்டு கொடுத்திருக்கும். ஆண்டுக் கட்டணம் 500 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி சேர்த்து 590. அவ்வளவுதான் பாக்கி. ஆனால் அதன்மேல் தாமதக் கட்டணமும் மாதம் மூன்று சதவீதத்துக்கு மேற்பட்ட வட்டியும் ஏற ஏற, ஓரிரண்டு ஆண்டில் அது ஆயிரங்களாகிவிடும். பதிவேட்டின் கண்ணில் 590 ரூபாய் தவறியதும் ஐந்து லட்சம் தவறியதும் தாமத நாள் கணக்கில் ஒரே மாதிரிதான் விழுகின்றன. 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள் இதில் சில தடுப்புகளைப் போட்டன. ஓராண்டுக்கு மேல் பயன்படுத்தாத கார்டை, உரியவருக்குத் தெரிவித்து 30 நாளில் பதில் வராவிட்டால், வங்கியே மூடலாம். பாக்கி இல்லாத ஒருவர் மூடச் சொல்லிக் கேட்டால் ஏழு வேலை நாளுக்குள் மூடவேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் அவருக்குக் கொடுக்கவேண்டும். அதற்கு முன் வெளிநாடு போனவர்களின் கார்டுகள்தான் இப்போது பழைய அறிக்கைகளில் தலைநீட்டுகின்றன.

அந்தக் கட்டத்தில் வசூல்காரர் ஊர் வீட்டுக்கு வருகிறார். "ஐயா, தம்பி பேர்ல ஒரு கார்டு நிலுவை இருக்கு. பாதித் தொகையைக் கட்டிடுங்க, முடிச்சுக் குடுத்துடறோம்." மகன் பெயர் கெடக்கூடாது என்று அப்பா உடனே கட்டிவிடுகிறார். தொல்லை விட்டது என்று நினைக்கிறார். ஆனால் பாதி கட்டி முடித்த கணக்கு அறிக்கையில் 'செட்டில்டு' என்று ஏறும். முழுதும் கட்டி மூடியதற்கு அது சமமல்ல. பின்னால் கடன் கொடுக்கப்போகும் வங்கி, இவர் கட்டவேண்டிய தொகையை முழுதும் கட்டாதவர் என்றே அதைப் படிக்கும். கடன் தகவலைக் குறைந்தது ஏழாண்டு வைத்திருக்கவேண்டும் என்பது விதி. வீட்டு வாசலில் நின்ற மானப் பிரச்சினையை அவசரமாகத் தீர்க்கப்போய், அப்பா மகனின் பெயரில் ஏழாண்டுக் கறையை ஏற்றிவிடுகிறார். இதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. கட்டுவதாக இருந்தால் முழுத்தொகையையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம்.

தமிழர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இதில் உண்டு: தலைப்பெழுத்து. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் எஸ். முருகன். பான் விண்ணப்பம் தலைப்பெழுத்தை ஏற்காது என்பதால் அங்கே அப்பா பெயர் விரிந்து முருகன் சுப்பையா. கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர் என்ற கட்டத்தை நிரப்பும்போது இடம் மாறி சுப்பையா முருகன். வெளிநாட்டு நிறுவனத்தின் சம்பளச் சான்றில் மிஸ்டர் சுப்பையா. அதாவது அப்பா வேலைக்குப் போனதுபோல. பெயர், பிறந்த தேதி, பான், முகவரி, செல்பேசி எண் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்துத்தான் பதிவேடு ஆளை அடையாளம் காண்கிறது. முகவரியும் எண்ணும் மாறிவிட்டன, பெயர் நான்கு விதமாக இருக்கிறது என்றால், ஒரே ஆளின் வரலாறு இரண்டு கோப்பாகப் பிரியலாம். அதைவிட மோசம், வேறொரு எஸ். முருகனின் கடன் இவர் கோப்பில் வந்து ஒட்டிக்கொள்ளலாம். திருத்தக் கேட்பது சட்டப்படி உள்ள உரிமை. புகார் கொடுத்து 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2024 ஏப்ரல் முதல் நடைமுறை இருக்கிறது. ஆனால் தவறு இருப்பதே தெரியாதவர் புகார் கொடுக்கமாட்டார். வெளிநாட்டில் இருப்பவருக்கு அது தெரியவருவது, ஊரில் மனை வாங்கி அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான்.

இனி அப்பாவின் பெயருக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அவருக்காகத்தான்.

இந்திய வங்கிகள் சங்கம் 2001இல் வகுத்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் பெற்றோர் இணைக் கடன்தாரராகச் சேர்கிறார்கள். பொதுவான நடைமுறையில் நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம்; ஏழரை லட்சத்துக்கு மேலே போனால் சொத்துப் பிணை வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்கு ஆகும் செலவோ முப்பது லட்சம், நாற்பது லட்சம். ஆகவே வீடோ மனையோ அடமானமாகிறது. படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கட்டவேண்டியதில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். இங்கே அப்பா புரிந்துகொள்ளாமல் போடும் கையெழுத்து ஒன்று இருக்கிறது. ஜாமீன்தானே என்று அவர் நினைக்கிறார். இணைக் கடன்தாரர் என்றால் கடனே அவருடையது. நாற்பது லட்சமும் அவருடைய அறிக்கையில் அவர் கடனாகவே நிற்கும். மகன் ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினாலும், அப்பா வேறு கடன் கேட்டால் இந்தத் தவணையையும் சேர்த்துத்தான் அவருடைய திருப்பிக் கட்டும் சக்தியை வங்கி அளக்கும். மகளின் படிப்புக்குக் கடன் கேட்கப் போகும்போது, அண்ணன் படிப்பிலேயே உங்கள் வரம்பு தீர்ந்துவிட்டது என்ற பதில் வருகிறது. யாரும் தவறு செய்யவில்லை. ஆனால் தங்கையின் வாசல் அடைபட்டுவிட்டது.

தவறினால் நிலைமை வேகமாகக் கெடும். அமெரிக்காவில் படித்து முடித்தவருக்கு ஓ.பி.டி. என்று 12 மாதம், அறிவியல், தொழில்நுட்பம் படித்தவர்களுக்கு மேலும் 24 மாதம் வேலை செய்ய அனுமதி. எச்-1பி வேலை விசா குலுக்கலில் பெயர் வராமல் போகலாம். வேலை கிடைக்கவே மாதங்கள் ஆகலாம். இங்கே தவணை விடுப்புக் காலம் முடிந்து தவணை தொடங்கிவிடும். 90 நாள் கட்டாவிட்டால் வாராக்கடன். சொத்துப் பிணை இருந்தால் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு வரும். அறிவிப்பு ஒட்டப்படுவது டல்லஸ் வாடகை வீட்டுக் கதவில் அல்ல, தஞ்சாவூர் வீட்டுக் கதவில். மகனுக்கு அங்கே தனிப் புள்ளி ஒன்று புதிதாக வளர்ந்துகொண்டிருக்கும். அங்கே 300 முதல் 850 வரை. இங்கே அப்பாவின் புள்ளி சரிவது அந்தக் கணக்கில் தெரியாது. கார் கடன் மகனுக்கு அங்கே கிடைக்கும். ஆகவே, ஊர்க் கடன் கொஞ்சம் பொறுக்கட்டும் என்று தோன்றுவது மனித இயல்பு. பல பிள்ளைகள் கெட்ட எண்ணத்தில் இதைச் செய்வதில்லை. அடி எங்கே விழுகிறது என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. அப்பாவும் சொல்வதில்லை. "அவன் அங்க என்ன கஷ்டத்துல இருக்கானோ" என்று சொல்லி, மறுபடியும் நகையை வைக்கப் போவார்.

அடி கடனோடு நிற்பதும் இல்லை. மோசமான கடன் வரலாற்றைக் காரணம் காட்டி ஒரு பொதுத்துறை வங்கி பணி நியமனத்தை ரத்து செய்தது சரியே என்று 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்பாவுக்குப் பதிலாகத் தம்பி இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அண்ணன் தவறிய தவணை தம்பியின் வங்கி வேலைக் கனவில் போய் முட்டலாம். அதே ஆண்டு, கூட்டுறவுச் சங்கங்களில் பயிர்க்கடனுக்கு சிபில் அறிக்கை பார்ப்பது பற்றிய சுற்றறிக்கைக்குத் தமிழக விவசாயிகள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வேறெங்கும் கடன் நிலுவை இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே அது என்று அரசுத் தரப்பில் விளக்கம் வந்தது. விவசாயிகளின் அச்சத்தை நான் மிகை என்று சொல்லமாட்டேன். அவர்களில் எத்தனையோ பேருடைய அறிக்கையில் நிற்கும் பெரிய கடன், வயலுக்கு வாங்கியது அல்ல. பிள்ளைக்காகக் கையெழுத்துப் போட்டது. நீதிமன்றங்கள் எப்போதும் ஒரே பக்கம் நின்றதும் இல்லை. குறைந்த சிபில் புள்ளியை மட்டும் காட்டி மாணவருக்குக் கல்விக் கடன் மறுக்கக்கூடாது என்று 2023 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது.

அங்கே வாங்கிய கடன் இங்கே வருமா என்பது அடுத்த கேள்வி. துபாய் வங்கியில் பாக்கி வைத்துவிட்டு வந்தால் சிபில் அறிக்கையில் அது ஏறாது. இங்குள்ள பதிவேட்டுக்கு விவரம் தருபவை இங்குள்ள கடன் நிறுவனங்கள்தான். அதனால் தப்பித்துவிட்டோம் என்று பலர் நினைத்திருந்தார்கள். ஆனால் 2020 ஜனவரியில் இந்திய அரசு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்படி அமீரகத்தைப் பரஸ்பர நாடாக அறிவித்தது. அங்குள்ள நீதிமன்றம் பணத் தீர்ப்பு வழங்கினால் அதை இங்குள்ள மாவட்ட நீதிமன்றத்தில் நேரடியாக நிறைவேற்றக் கேட்கலாம். சிங்கப்பூரும் பிரிட்டனும் முன்பிருந்தே அந்தப் பட்டியலில் உண்டு, அமெரிக்கா இல்லை. அதே சமயம், வெளிநாட்டில் சம்பாதிப்பவர் இங்கே வீட்டுக் கடன் கேட்டால், அங்குள்ள கடன் அறிக்கையையும் பல வங்கிகள் கேட்கின்றன. அமீரகத்தில் இருப்பவர் 2014இல் இயங்கத் தொடங்கிய அல் எத்திஹாத் பதிவேட்டின் அறிக்கையைக் கொடுக்கவேண்டியிருக்கும். அங்கே கெட்டது இங்கே எட்டும் வழிகள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே வருகின்றன. அங்கே உழைத்து அனுப்பியது இங்கே எட்டும் வழிதான் குறுகலாகவே கிடக்கிறது.

குறுகல் என்றேனே தவிர அடைபட்டது என்று சொல்லவில்லை. முதல்முறை கடன் கேட்பவரை, கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக்கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கி வழிகாட்டல் வங்கிகளுக்கு அறிவுறுத்துகிறது. ஊர் திரும்பும் தொழிலாளி இதை வங்கியில் எடுத்துச் சொல்லலாம். வாடிக்கையாளரின் ஒப்புதலோடு வங்கிக் கணக்கு விவரத்தை இன்னொரு நிறுவனத்துக்குக் காட்டும் அக்கவுண்ட் அக்ரிகேட்டர் முறை 2021 செப்டம்பரிலிருந்து இயங்குகிறது. அப்பாவின் கணக்கில் பத்தாண்டாக மாதம் தவறாமல் விழுந்த வரவைக் கடன் கொடுப்பவர் பார்ப்பதற்கான தொழில்நுட்பம் கையில் இருக்கிறது என்பதே இதன் பொருள். இதுபோன்ற சீரான வரவைத் திருப்பிக் கட்டும் சக்திக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளும் முறையை வங்கிகள் வகுக்கவேண்டும், தமிழ்நாடு அரசும் கூட்டுறவு வங்கிகளில் அதைத் தொடங்கி வைக்கவேண்டும் என்பது என் கருத்து. 22 லட்சம் பேரின் உழைப்பு கண்ணுக்குத் தெரிவதற்கு அதைவிடச் சிறிய தொடக்கம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

அதுவரை கிளம்புகிறவர்கள் தாமே செய்துகொள்ளக்கூடியவை சில உண்டு. பயன்படுத்தப்போகாத கார்டை மூடி, மூடியதற்கான கடிதத்தைப் பத்திரப்படுத்தலாம். வரலாறு அறுந்துபோகாமல் இருக்க, வைப்புநிதியின் மேல் கொடுக்கப்படும் கார்டு ஒன்றை வைத்துக்கொண்டு சிறு தொகைக்குப் பயன்படுத்தி உடனுக்குடன் கட்டலாம். கணக்கை என்.ஆர்.ஓ. ஆக்கும் அன்றே தவணை உத்தரவையும் புதிதாக எழுதிக்கொடுக்கலாம். ஊர் சிம்முக்கு 90 நாளுக்குள் ஒருமுறையாவது உயிர் கொடுக்கலாம். பவர் பத்திரம் எழுதிக்கொடுப்பவர்கள், அது வெளிநாட்டில் கையெழுத்தாகியிருந்தால், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தவேண்டும் என்பதை நினைவில் வைக்கவேண்டும். கெடு தாண்டிய பவர் பத்திரத்தை நம்பி வங்கிக்குப் போகும் மனைவி அலைக்கழிக்கப்படுவார்.

நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும் என்பது 2017 ஜனவரியிலிருந்து இருக்கும் உரிமை. நான்கையும் ஒரே நாளில் எடுக்கவேண்டியதில்லை. மூன்று மாதத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஆண்டு முழுவதும் கண்காணித்ததாகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் விடுப்பில் ஊருக்கு வரும்போது தங்கள் அறிக்கையை எடுத்துப் பார்க்கிறார்கள். அதே மேசையில், அப்பாவின் பான் எண்ணைத் தட்டி, அவர் செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கேட்டு வாங்கி, அவருடைய அறிக்கையையும் எடுக்கலாம். அதில் தங்கள் கடன் எந்தப் பக்கத்தில், எத்தனை நாள் தாமதக் குறியோடு நிற்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பார்க்கலாம். அரை மணி நேர வேலை.